மேசைக்கு அடியில் படுத்திருந்த மாணவர்கள்

பொம்மை ரயிலோடு விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "விளையாடியது போதும், போய்ப் புத்தகத்தை எடு" என்பார்கள். பல்கலைக்கழகம் வரை போய்விட்ட பிள்ளை, இரவு இரண்டு மணிக்குப் பலகை மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பொம்மை ரயிலுக்குக் கம்பி இணைத்துக்கொண்டிருந்தால்? அதற்குப் பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1950களின் இறுதியில், எம்.ஐ.டி. என்று உலகம் அறிந்த அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், சில மாணவர்கள் அப்படித்தான் படுத்துக் கிடந்தார்கள். அவர்கள் சேர்ந்திருந்த சங்கத்தின் பெயர் டெக் மாடல் ரெயில்ரோட் கிளப். 1946ல் தொடங்கப்பட்ட மாதிரி ரயில் சங்கம் அது. கணினியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தச் சங்கத்தின் பெயரைச் சொல்லாமல் தாண்டிப் போவது அரிது. பொம்மை ரயிலுக்கும் கணினிக்கும் அப்படி என்ன உறவு?

முதலில் ஒரு திருத்தம். பொம்மை என்ற சொல்லை அந்தச் சங்கத்தார் விரும்பமாட்டார்கள். பொம்மை ரயில் பார்வைக்கு ரயில் போல் இருந்தால் போதும். மாதிரி ரயில் கணக்குப்படி இருக்க வேண்டும். உலகில் மிகப் பரவலாக இருக்கும் 'எச்.ஓ.' என்ற அளவில் எல்லாமே 87ல் ஒரு பங்கு. ஆறடி மனிதர் இரண்டு சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடுவார். உலகின் பல நாடுகளில் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே இருக்கும் 1,435 மில்லிமீட்டர் இடைவெளி, 16.5 மில்லிமீட்டர் ஆகிவிடும். நம் கேடிஎம் ரயில் ஓடும் ஒரு மீட்டர் பாதையை இதே அளவில் செய்தால் பதினொன்றரை மில்லிமீட்டர்தான் வரும். கிட்டத்தட்டச் சுண்டுவிரல் அகலம். அந்த அகலத்தில் சக்கரம் உருள வேண்டும், வளைவில் திரும்ப வேண்டும், தடம் புரளாமல் பின்னோக்கியும் வர வேண்டும்.

இந்தக் கணக்கு ஒரு சிக்கலையும் கூடவே கொண்டுவருகிறது. 200 மீட்டர் நீளமுள்ள ஒரு ரயில் நிலைய நடைமேடையை 87ல் ஒரு பங்காகக் குறைத்தாலும் 2.3 மீட்டர் வந்துவிடும். வரவேற்பறையில் ஒரு சுவரை நிலையம் ஒன்றே தின்றுவிடும். நிலையத்தை விட்டு ஒரு கிலோமீட்டர் ரயில் ஓட வேண்டுமா? பதினொன்றரை மீட்டர் தண்டவாளம் போட வேண்டும். நம் அடுக்குமாடி வீடுகளில் எங்கே போடுவது? இடம் கிடைத்தாலும் ஒருவருக்கே எல்லாம் தெரிந்திருக்காது. மேசை அமைக்க மரவேலை தெரிய வேண்டும். ரயில் ஓட மின்வேலை தெரிய வேண்டும். மலையும் மரமும் செய்யக் கலைஞனின் கை வேண்டும். எந்த ஊரில் எந்த ஆண்டில் எந்த நிறத்துப் பெட்டி ஓடியது என்று சொல்ல வரலாறு தெரிந்த ஒருவர் வேண்டும். அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கு வெகு சீக்கிரத்திலேயே சங்கம் தேடிப் போனது. லண்டனில் 1910 டிசம்பரில் ஒரு மாதிரி ரயில் சங்கம் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழைய மாதிரி ரயில் சங்கமாக அதைத்தான் கருதுகிறார்கள். கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு அருகில் 1960ல் சொந்தக் கட்டடமே திறந்துவிட்டார்கள்.

எண் மட்டுமே பெயராக இருந்த கட்டடம்

எம்.ஐ.டி. மாணவர்களுக்குக் கிடைத்த இடத்தை யாரும் பெருமையோடு காட்டமாட்டார்கள். அது மூன்று மாடி மரக்கட்டடம். பெயர்கூட இல்லை, எண் 20 என்பார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ராடார் ஆராய்ச்சிக்காக 1943ல் அவசர அவசரமாக எழுப்பியது. போர் முடிந்ததும் சில மாதங்களில் இடித்துவிடுவதாகப் பேச்சு. ஆனால் இட நெருக்கடியால் இடிக்கவில்லை. 1998 வரை, 55 ஆண்டுகள் நின்றது.

வேறு போக்கிடம் இல்லாத துறைகளையெல்லாம் அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். மொழியியல் அறிஞர் நோம் சோம்ஸ்கிக்கு அங்கேதான் அறை. வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவரின் மகனான அமர் போஸ், பிற்காலத்தில் தன் பெயரிலேயே ஒலிபெருக்கி நிறுவனம் கண்டவர், ஒலியியல் பக்கம் போனதும் அந்தக் கட்டடத்தில்தான். அங்கே இருந்த ஒரு வசதி பளிங்குக் கட்டடத்தில் கிடைக்காது. சுவரில் துளை போட வேண்டுமென்றால் போடலாம், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். எப்படியும் இடிக்கப் போகிற கட்டடம்தானே! மாதிரி ரயில் சங்கத்துக்கு இதைவிட நல்ல வீடு எது?

அந்தச் சங்கத்தில் இரண்டு வகை உறுப்பினர்கள் இருந்தார்கள். இந்தக் கதையை 1984ல் 'ஹேக்கர்ஸ்' என்ற புத்தகத்தில் விரிவாக எழுதிய ஸ்டீவன் லெவி இந்தப் பிரிவைத்தான் முக்கியமாகச் சொல்கிறார். ஒரு சாரார் மேசைக்கு மேலே வேலை செய்தவர்கள். ரயில் பெட்டிக்கு வண்ணம் தீட்டுவார்கள், காகிதக் கூழில் மலை செய்வார்கள், ரயில்வே சஞ்சிகைகளைப் படிப்பார்கள், பழைய ரயில் பாதைகளில் பயணம் போய் வருவார்கள். மற்றொரு சாரார் சிக்னல், மின்சாரம் ஆகியவற்றைக் கவனித்த துணைக்குழுவினர். மேசைக்கு மேலே என்ன நிறத்தில் ரயில் ஓடுகிறது என்பது அவர்களுக்குப் பெரிய கவலை இல்லை. அது எப்படி ஓடுகிறது என்பதுதான் கவலை. அவர்களின் உலகம் மேசைக்கு அடியில் இருந்தது.

அடியில் அப்படி என்ன இருந்தது? சாதாரணப் பொம்மை ரயிலில் தண்டவாளம் முழுவதற்கும் ஒரே மின்சாரம். அதில் இரண்டு ரயிலை வைத்தால் இரண்டும் ஒன்றாக ஓடும், ஒன்றாக நிற்கும். ஒரு ரயில் நிற்கும்போது இன்னொன்று போக வேண்டுமென்றால் தண்டவாளத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மின்சாரம் கொடுக்க வேண்டும். பல ஓட்டுநர்கள், பல ரயில்கள் என்றால் இன்னும் சிக்கல். ஓர் ஓட்டுநரின் கட்டுப்பாடு அவருடைய ரயிலைத் தொடர்ந்து துண்டுக்குத் துண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும், மற்றவர் ரயிலைத் தொடக்கூடாது. முன்னால் இருக்கும் பாதை காலியா? ஆம் அல்லது இல்லை. பிரிவுத் தண்டவாளம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதா? ஆம் அல்லது இல்லை. இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் மின்சாரம் விடு.

இதை ரிலேக்களைக் கொண்டு செய்தார்கள். மின்சாரம் வந்தால் காந்தமாகி இன்னொரு சுவிட்சைத் தட்டிவிடும் சிறு கருவிதான் ரிலே. அந்தக் காலத் தொலைபேசி நிலையங்களில் நம் அழைப்பைச் சரியான வீட்டுக்குத் திருப்பிவிட்டது அதுதான். இதே எம்.ஐ.டி.யில் கிளாட் ஷானன் என்ற மாணவர் 1937ல் எழுதிய முதுநிலை ஆய்வில், இப்படிப்பட்ட ரிலேக்களின் இணைப்பைத் தர்க்கக் கணிதமாகவே எழுதிவிடலாம் என்று காட்டியிருந்தார். ஆம், இல்லை, இரண்டும், ஏதாவது ஒன்று. கணினிக்கு அடிப்படையான கணக்கும் இதுவே. வகுப்பறையில் தாளில் இருந்த பாடம், மேசைக்கு அடியில் 'டக் டக்' என்ற சத்தத்தோடு நடந்துகொண்டிருந்தது.

ரிலே வாங்கக் காசு? சங்கத்துக்கு ஆலோசகராக இருந்த பேராசிரியர்தான் கழக வளாகத்தின் தொலைபேசி அமைப்புக்கும் பொறுப்பு. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் கல்லூரிகளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த தொலைபேசிச் சாமான்கள் அவர் வழியாக வந்து சேர்ந்தன. தொலைபேசி எண் சுழற்றும் டயலைக் கொண்டே ரயிலைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டையும் செய்துவிட்டார்கள். 1962 வாக்கில் அந்த மேசைக்கு அடியில் ஏறக்குறைய 1,200 ரிலேக்கள் இருந்தன.

இத்தனையும் ஒருவர் போட்டது அல்ல. ஒருவர் போட்ட இணைப்பை அடுத்தவர் பிரித்து, இன்னும் குறைந்த கம்பியில் அதே வேலையைச் செய்து காட்டுவார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. 'என் பகுதி, தொடாதே' என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் ஒருவர் கம்பியில் கோளாறு வந்தால் எல்லாருடைய ரயிலும் நின்றுவிடும். அறைச் சாவிக்கும் ஒரு நியதி இருந்தது. 40 மணி நேரம் சங்கத்துக்காக உழைத்தவருக்குத் தனிச் சாவி. பணக்கார வீட்டுப் பிள்ளையா, நல்ல மதிப்பெண் வாங்குபவனா என்பதெல்லாம் சாவிக்குத் தேவைப்படவில்லை.

சங்கத்துக்கென்று ஒரு பேச்சுவழக்கும் உண்டானது. பீட்டர் சாம்சன் என்ற உறுப்பினர் 1959ல் ஓர் அகராதியே தொகுத்தார். ரயில் மோதப்போகிறது என்றால் அவசரமாக எல்லாவற்றையும் நிறுத்த அறையில் பல இடங்களில் சுவிட்சுகள் இருந்தன. அதைத் தட்டினால் சுவரில் மணி காட்டும் எண்கள் மறைந்து 'ஃபூ' என்ற எழுத்துகள் தோன்றும். நிரல் எழுதப் படிக்கிற மாணவர்கள் எடுத்துக்காட்டுகளில் இன்றும் அந்தச் சொல்லைப் பார்க்கலாம். 'ஹேக்' என்ற சொல்லும் அப்படியே. எம்.ஐ.டி.யில் மாணவர் குறும்புகளுக்கு வழங்கிவந்த அந்தச் சொல்லைச் சங்கத்தார் தங்கள் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பயன் இருக்கிறதோ இல்லையோ, செய்வதிலேயே பெருமகிழ்ச்சி தரும் நுட்பமான வேலை என்பது அவர்கள் வைத்த பொருள். அப்படிச் செய்கிறவர் 'ஹேக்கர்'. வங்கிக் கணக்கைத் திருடுகிறவனுக்கு அந்தப் பெயர் போனது பிற்காலக் கதை.

தொடக்கூடாத இயந்திரமும் தொடவிட்ட இயந்திரமும்

அன்றைய கணினியை மாணவர் தொடவே முடியாது. எம்.ஐ.டி.யில் இருந்த ஐபிஎம் 704 ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்றது. கணக்கை அட்டைகளில் துளையிட்டு ஊழியரிடம் கொடுக்க வேண்டும். அவர்தான் உள்ளே கொண்டு போவார். பதில் பல மணி நேரம் கழித்து வரும், சில நேரம் மறுநாள். ஓர் எழுத்து தவறியிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. கருவறைக்கு வெளியே நின்று அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும் பக்தரின் நிலைதான். தன் கையால் ரிலேயைத் தட்டிப் பார்த்துப் பழகிய பையன்களுக்கு இது எப்படிப் பிடிக்கும்?

அந்த நேரத்தில் ஒரு கதவு திறந்தது. லிங்கன் ஆய்வுக்கூடத்திலிருந்து டிஎக்ஸ்-0 என்ற டிரான்சிஸ்டர் கணினி 1958ல் எம்.ஐ.டி.க்கு இரவலாக வந்தது. அதற்குப் பொறுப்பாக இருந்தவர்களில் ஒருவர் ஜாக் டென்னிஸ், ரயில் சங்கத்தின் பழைய உறுப்பினர். 'வந்து பார்க்கிறீர்களா?' என்று சங்கத்துப் பையன்களைக் கூப்பிட்டார். இதில் அட்டையை வாங்கிக்கொள்ள ஊழியர் இல்லை. எதிரே உட்கார்ந்து, தட்டச்சு செய்து, தவறு வந்தால் அங்கேயே திருத்தலாம். பகலில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருப்பார்கள். யாரும் வராத நள்ளிரவு நேரம் சங்கத்தாருக்குக் கிடைத்தது. பீட்டர் சாம்சன், ஆலன் கோடாக், பாப் சாண்டர்ஸ் போன்றவர்கள் மேசைக்கு அடியிலிருந்து எழுந்து இந்த அறைக்கு வந்தார்கள்.

வரும்போது சங்கத்தின் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்ததுதான் முக்கியம். எழுதிய நிரல்களைத் துளையிட்ட காகித நாடாவில் பதித்து, இயந்திரத்துக்குப் பக்கத்து இழுப்பறையில் போட்டு வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், குறைந்த வரிகளில் அதே வேலையைச் செய்து காட்டி நண்பனை வாயடைக்க வைக்கலாம். பூட்டு இல்லை, விலை இல்லை.

டிஜிட்டல் ஈக்விப்மென்ட் என்ற புதிய நிறுவனம் 1961ல் பிடிபி-1 என்ற கணினியை எம்.ஐ.டி.க்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. அன்றைய விலை 120,000 அமெரிக்க டாலர். வட்டத் திரை கொண்ட அந்த இயந்திரத்தில் என்ன செய்து காட்டலாம் என்று நண்பர்கள் யோசித்தார்கள். விண்வெளிக் கதைப் பைத்தியங்கள் வேறு. இரண்டு விண்கலங்கள் திரையில் சண்டையிட வேண்டும் என்று முடிவானது. எழுதும் பொறுப்பு ஸ்டீவ் ரஸ்ஸலுக்கு. அவரோ நாள் கடத்தினார். விண்கலம் திரும்புவதற்கு வேண்டிய திரிகோணக் கணக்கு நிரல் தன்னிடம் இல்லை என்றார். ஆலன் கோடாக் நேரே நிறுவனத்துக்கே போய் அந்த நிரலை வாங்கிவந்து முன்னால் வைத்து, இனி என்ன சாக்கு என்று கேட்டுவிட்டார். நம் ஊர்ச் சங்கங்களிலும் ஆண்டு மலருக்குக் கட்டுரை வாங்குவது இப்படித்தானே!

1962 தொடக்கத்தில் 'ஸ்பேஸ்வார்' ஓடத் தொடங்கியது. உடனே ஆளுக்கு ஒரு கை வைத்தார்கள். பின்னணியில் கண்டபடி புள்ளிகள் இருப்பது பீட்டர் சாம்சனுக்குப் பொறுக்கவில்லை. வான நடுக்கோட்டுக்கு இருபுறமும் இருபத்திரண்டரைப் பாகை வரை உள்ள நட்சத்திரங்களை, உண்மையான இடத்தில், ஒளிக்கேற்ற அளவில் போட்டுவிட்டார். தற்செயலாக, நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நம் தலைக்கு நேர் மேலே போகும் வானப்பட்டை அதுதான். டான் எட்வர்ட்ஸ் நடுவே ஒரு சூரியனை வைத்து ஈர்ப்பு விசையைச் சேர்த்தார். கணினியின் சுவிட்சுகளை அழுத்தி அழுத்தி முழங்கை வலித்தது. கோடாக்கும் சாண்டர்ஸும் ரயில் சங்கத்து அறைக்குப் போய், கிடந்த மரத்துண்டு, கம்பி, சுவிட்சுகளை எடுத்துவந்து கைக்கு அடக்கமான இரண்டு பெட்டிகளைச் செய்தார்கள். இன்று பிள்ளைகள் கையில் வைத்து விளையாடும் கட்டுப்பாட்டுக் கருவியின் மூதாதை, மாதிரி ரயிலுக்கு மிஞ்சிய சாமானில் செய்தது.

கணினி விளையாட்டே இங்கேதான் தோன்றியது என்று சொல்வது மிகை. 1958லேயே நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் ஒரு டென்னிஸ் விளையாட்டைத் திரையில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது அந்தக் கூடத்தோடு நின்றுபோனது. ஸ்பேஸ்வார் நகலெடுக்கப்பட்டு, பிடிபி-1 இருந்த மற்ற இடங்களுக்கும் பரவியது. யாரும் யாரிடமும் காசு கேட்கவில்லை. ரஸ்ஸலுக்கு அதில் ஒரு டாலர்கூட வரவில்லை. அதைப் பார்த்து 1971ல் காசு போட்டு விளையாடும் இயந்திரம் செய்தவர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல், 1972ல் அட்டாரி நிறுவனத்தை உருவாக்கினார். அதன் பிறகு இந்தத் துறையில் புரண்ட பணம் தனிக் கதை.

எல்லாமே புகழ்ச்சிக்குரியது என்று எழுதிவிட்டுப் போக முடியாது. பூட்டைக் கண்டால் திறக்கத் துடிக்கும் அதே புத்தி எம்.ஐ.டி.யில் வேறு வழியிலும் போனது. மாணவர் செய்தித்தாளான 'தி டெக்' 1963 நவம்பரில் ஒரு செய்தி போட்டது. 'ஹேக்கர்கள்' செய்த வேலையால் கழகத்தின் தொலைபேசிச் சேவைகள் சில குறைக்கப்பட்டுவிட்டனவாம். ஹார்வர்டுக்கும் எம்.ஐ.டி.க்கும் இடையிலிருந்த இணைப்புகள் அனைத்தையும் அடைத்துவிட்டார்கள், தொலைதூர அழைப்பின் கட்டணத்தை வேறொருவர் தலையில் கட்டினார்கள் என்பவை குற்றச்சாட்டுகள். அந்தச் சொல் கெட்ட பொருளில் அச்சேறிய மிகப் பழைய இடங்களில் அதுவும் ஒன்று. படிப்பைக் கோட்டைவிட்டவர்களும் உண்டு. ஒரு மாணவர் தன் வகுப்புக் கணக்கைச் செய்யக் கணினியிலேயே ஒரு கணக்கிடும் நிரலை எழுதி, விடையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கணினியில் செய்ததா என்று கேட்டு ஆசிரியர் முட்டை போட்டார். அந்த முட்டைக்காக வருத்தப்படுவதா, பெருமைப்படுவதா என்பது வேறு விஷயம். ஆனால் அந்த அறைகளில் பெண்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை என்பதற்கு வருத்தப்படத்தான் வேண்டும். சாவிக்கு 40 மணி நேர உழைப்பு போதும் என்ற நியதி, உள்ளே வர முடிந்தவர்களுக்கு மட்டும்தான் நியாயமாக இருந்தது.

கோடாக் பிற்காலத்தில் டிஜிட்டல் ஈக்விப்மென்ட் நிறுவனத்தில் பெரிய கணினிகளை வடிவமைத்தார். இணையத்தின் தர விதிகளை வகுக்கும் அமைப்பிலும் பொறுப்பு வகித்தார். 2006ல் காலமானார். சாம்சனும் அவரும், கலிஃபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் பழைய பிடிபி-1 ஒன்றை மீண்டும் ஓட வைத்த குழுவில் இருந்தார்கள். மேசையோ தன் பாட்டுக்கு வளர்ந்தது. 1970 வாக்கில் அதே நிறுவனம் கொடுத்த சிறிய கணினி ஒன்று, நாளடைவில் ரயில்களை ஓட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தது. பழைய கட்டடத்தைக் காலி செய்ய வேண்டிய நாள் வந்தபோது, 50 ஆண்டுக் கம்பிகளையும் மலைகளையும் பிரித்துவிட்டு வேறு கட்டடத்தில் முதலிலிருந்து தொடங்கினார்கள். காகிதக் கூழ் மலையைத் தூக்கிக்கொண்டு போக முடியாதல்லவா!

புதிய மேசையில் ஒரு சிறிய கட்டடத்தையும் வைத்தார்கள். எம்.ஐ.டி. வளாகத்தில் உயர்ந்து நிற்கும் கிரீன் பில்டிங்கின் மாதிரி அது. ஜன்னல்தோறும் உள்ளே குட்டி விளக்கு. அந்த விளக்குகளை அணைத்தும் எரித்தும் மேலிருந்து கட்டைகள் விழும் டெட்ரிஸ் விளையாட்டை ஓடவிட்டார்கள். பிறகு 2012 ஏப்ரலில் ஒரு நாள் இரவு, வளாகத்தில் நிற்கும் உண்மையான கிரீன் பில்டிங்கின் 153 ஜன்னல்களிலும் மாணவர்கள் விளக்குகளைப் பொருத்தி, கீழே நின்றுகொண்டு டெட்ரிஸ் விளையாடினார்கள்.